வலைப்பின்னல் ஸ்விட்ச்சை அமைத்தலும் முறைப்படுத்தலும்

கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடும் சிட்டாவும் கணினிக்கு மாறிவரும் காலம் இது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கென 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு ரூ. 2,516 கோடித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்ததை அங்கத்தினர்கள் அறிவார்கள். கணினி வாங்குவதைப் பற்றி நிர்வாகக் குழுவில் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். அக்கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியைப் பற்றியோ எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது சுவரின் ஒரு மூலையில் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கிறது. ஸ்விட்ச் என்று அதற்குப் பெயர்.

சென்ற ஆண்டு எங்கள் சங்கத்தில் கூலிப் பட்டுவாடா நாளன்று நடந்ததைச் சொன்னால் இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணம் விளங்கும். காலை பத்தரை மணி. வராந்தா நிறைய நெசவாளர்கள் காத்திருந்தனர். திடீரென்று அலுவலகத்துக் கணினிகள் யாவும் வேலை செய்யாமல் நின்றன. அவை அணைந்துவிடவில்லை, திரையில் வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. இணையம் தடைப்பட்டது என்றெண்ணி, இணைப்புக் கொடுத்தவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம். தங்கள் பக்கம் எல்லாம் சரியாகவே இருப்பதாகச் சொன்னார்கள். கணினிகளை அணைத்து ஏற்றினோம், பயனில்லை. ஸ்விட்ச்சின் விளக்குகள் மாத்திரம் வெறி பிடித்தாற்போல் எல்லாம் ஒருங்கே துடித்துக்கொண்டிருந்தன. பிற்பகல் ஒன்றரை மணிக்குத்தான் காரணம் அகப்பட்டது. நூல் கிடங்கில் ஐந்து துளைகள் கொண்ட ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதில் ஒரே கேபிளின் இரு நுனிகளும் செருகப்பட்டிருந்தன. கிடங்கைப் பெருக்கியவர், தரையில் கிடந்த நுனி மிதிபடுமே என்ற நல்லெண்ணத்தால் அதை எடுத்துக் காலியாயிருந்த துளையில் செருகியிருக்கிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்களுள் சிலர் மதியப் பேருந்தை விட்டுவிட அஞ்சி, அன்று கூலி பெறாமலே திரும்பினர்.

இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. அலுவலகத்திலிருந்த தலைமை ஸ்விட்ச், இத்தகைய தவற்றைத் தானே கண்டுபிடித்து அந்த ஒரு கேபிளை மட்டும் அடைத்துவிடும் ஆற்றல் உள்ளது. அதற்கென்றே கூடுதல் கிரயம் கொடுத்து வாங்கப்பட்டது. ஆயினும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியதோடு வேலை முடிந்ததென்று விட்டுவிட்டார்கள். அந்த ஆற்றல் இரண்டாண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்விட்ச் செய்யும் வேலை

ஒரே வாய்க்காலிலிருந்து பத்து வயல்களுக்கு நீர் பாய்வதாக வைத்துக்கொள்வோம். எல்லா மடைகளையும் எப்பொழுதும் திறந்துவைத்தால் ஒருவருக்கு வேண்டிய நீர் பத்துப் பேர் வயலிலும் பரவி வீணாகும். யாருடைய முறையோ அவருடைய மடையை மட்டும் திறப்பதே முறைப்பாசனம். பழைய நாளில் கணினிகளை இணைத்த ஹப் என்னும் பெட்டி முதல் வகையைச் சார்ந்தது. ஒரு துளையில் வந்த செய்தியை மற்ற எல்லாத் துளைகளிலும் கொட்டிவிடும். ஸ்விட்ச் இரண்டாம் வகை. ஈதர்நெட் என்னும் இணைப்பு முறை 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. அப்பொழுது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரே கேபிள்தான். 1990ஐ ஒட்டி, கல்பனா என்ற நம் நாட்டுப் பெயர் தாங்கிய ஒரு கலிபோர்னியா நிறுவனம் ஈதர்நெட்டுக்கு முதல் ஸ்விட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994இல் சிஸ்கோ நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது.

எந்த மடை யாருடையது என்று ஸ்விட்ச்சுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கணினியின் இணைப்புக்கும் மேக் முகவரி என்னும் 48 பிட் எண் ஒன்று தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. செய்திப் பொதி ஒன்று ஒரு துளை வழியாக வரும்பொழுது, அனுப்பியவர் முகவரியைப் பார்த்து, இவர் இந்தத் துளையில் இருக்கிறார் என்று ஸ்விட்ச் தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் 300 விநாடிவரை மறுபடி பேச்சு வராவிட்டால் அக்குறிப்பு அழிக்கப்படும். யாரிடம் சேர்க்கவேண்டுமென்று தெரியாத பொதியையும், எல்லோருக்குமான அறிவிப்பையும் மட்டும் அது எல்லாத் துளைகளிலும் அனுப்பும்.

சுற்று ஏற்பட்டால் கேடு விளைவது இந்த இடத்தில்தான். எல்லோருக்குமான ஓர் அறிவிப்பு வெளியே போய், சுற்றின் வழியே திரும்பி வந்து, மீண்டும் எல்லாத் துளைகளிலும் வெளியேறுகிறது. இணையத்தில் ஊர் விட்டு ஊர் செல்லும் பொதிகளுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் அது ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பொதி கைவிடப்படும். ஈதர்நெட் பொதிக்கு அத்தகைய ஆயுள் எண் இல்லை. ஆதலால் அது சாவதே இல்லை. பெருகிப் பெருகிக் கண்ணிமைக்கும் நேரத்தில் கேபிளின் கொள்ளளவு முழுவதையும் விழுங்கிவிடும். விளக்குகள் வெறி பிடித்தாற்போல் துடித்ததன் பொருள் இதுவே.

நிர்வகிக்கத்தக்க ஸ்விட்ச் என்பது, மேற்சொன்ன வேலையோடு நம் கட்டளைகளையும் கேட்டு நடப்பது. எந்தத் துளை திறந்திருக்கலாம், யார் யாரோடு பேசலாம், சுற்று ஏற்பட்டால் என்ன செய்யவேண்டும் என்றெல்லாம் அதற்குச் சொல்லலாம். சொல்லாவிட்டால் அது குறைந்த கிரயப் பெட்டியைவிட எவ்விதத்திலும் மேலானதன்று. சில விதத்தில் தாழ்ந்தது என்றுகூடச் சொல்வேன். எங்கள் ஸ்விட்ச்சைத் திறக்க முயன்றபொழுது அதன் கடவுச்சொல் எவருக்கும் தெரியவில்லை. மாட்டிவிட்டுப் போனவரையும் காணோம். கடைசியில் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் கண்ட சொல்லையே போட்டுப் பார்த்தோம். திறந்துகொண்டது! வராந்தாவில் அமர்ந்து சங்கத்தின் வைஃபையைப் பயன்படுத்திய எவரும் இரண்டாண்டுகளில் எந்நாளிலும் அதைத் திறந்திருக்கலாம்.

முதலில் காகிதம், பிறகு பெட்டி

ஸ்விட்ச்சில் கை வைக்குமுன் ஒரு தாளில் கட்டிடத்தின் படத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து எந்த இடத்துக்குக் கேபிள் போகிறது என்று எழுதுங்கள். கேபிளின் இரு நுனிகளிலும் ஒரே எண்ணைச் சீட்டாக ஒட்டுங்கள். இது சலிப்பான வேலைதான்; எங்களுக்கு அரை நாள் பிடித்தது. ஆனால் கோளாறு நேரும் நாளில் அந்தத் தாளைவிட உதவியானது வேறொன்றில்லை. செம்புக் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேற்படலாகாது என்பதையும் அப்பொழுதே கவனித்துக்கொள்க. கிடங்கு அதைவிடத் தொலைவிலிருந்தால் கண்ணாடி இழைக் கேபிள் போடவேண்டும்.

புது ஸ்விட்ச்சை உடனே அலுவலக வலைப்பின்னலில் சேர்த்துவிடாதீர்கள். மேசைமேல் வைத்து ஒரே ஒரு மடிக்கணினியை மட்டும் அதனோடு இணையுங்கள். வழி இரண்டு. கன்சோல் என்று எழுதிய துளை இருந்தால், அதற்குரிய கேபிளால் இணைத்துக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யலாம். பெரும்பாலும் வேகம் 9600 என்று வைக்கவேண்டும், சில பெட்டிகளுக்கு 115200. எழுத்துகள் புரியாத கிறுக்கலாக வந்தால் இந்த எண் தவறியது என்று அறிக. மற்றது, உலாவியின் வழியே திறப்பது. ஸ்விட்ச்சின் ஐ.பி. முகவரி கையேட்டிலோ சீட்டிலோ இருக்கும். அது 192.168.0.1 என்றிருந்தால் மடிக்கணினிக்கு 192.168.0.50 என்பதுபோல் அதே வரிசையில் ஒரு முகவரியைக் கையால் கொடுக்கவேண்டும். இதைச் செய்யாமல், பெட்டி பழுதென்று கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்றவர்கள் உண்டு.

உள்ளே சென்றவுடன் செய்யவேண்டிய முதற்காரியம் கடவுச்சொல்லை மாற்றுவது. அடுத்து, தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள புதிய ஃபர்ம்வேர், அதாவது பெட்டியின் உள்ளிருந்து அதை இயக்கும் நிரல், உண்டா என்று பார்த்து ஏற்றிக்கொள்ளவேண்டும். அது ஏறிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் பெட்டியே பாழாகக்கூடும், ஆகவே யூ.பி.எஸ்.ஸில் இணைத்துவிட்டே தொடங்குக. ஸ்விட்ச்சுக்கு ஒரு பெயரும், மாறாத ஐ.பி. முகவரியும், சரியான நேரமும் கொடுங்கள். நேரம் தவறினால் கோளாறு எப்பொழுது நேர்ந்தது என்ற பதிவு பயனற்றதாகும். டெல்நெட்டும் பூட்டில்லாத உலாவி வழியும் கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவது போன்றவை. அவற்றை அடைத்து, எஸ்.எஸ்.எச்., எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறைபொருள் வழிகளை மட்டும் திறந்துவையுங்கள்.

சுற்றைத் தடுக்கும் மரம்

சுற்று ஏற்படாமல் காக்கும் முறையை வகுத்தவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது 1985இல் இதை வெளியிட்டார். 1990இல் இது பொதுத்தரமாயிற்று. ஸ்பானிங் ட்ரீ என்பது இதன் பெயர். மரத்தின் கிளைகள் பிரியுமேயன்றி ஒன்றோடொன்று மீண்டும் கூடிச் சுற்றாவதில்லை அல்லவா? அதுபோல ஸ்விட்ச்சுகள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, ஒன்றை வேராகத் தேர்ந்தெடுத்து, மரத்துக்கு வேண்டாத கேபிள்களைத் தாமாகவே அடைத்துவைக்கின்றன. கேபிள் ஒன்று அறுந்தால், அடைத்தது திறந்துகொள்ளும்.

வேரைத் தேர்ந்தெடுக்கும் முறை வேடிக்கையானது. ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு. குறைந்த எண் உடையதே வேர். தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் 32768 என்றே வைத்து அனுப்புகிறார்கள். எண் சமமானால் மேக் முகவரி சிறியதாயுள்ள பெட்டி வெல்லும். ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகளில் முன்னே செய்தவற்றுக்கே பெரும்பாலும் சிறிய முகவரி. எனவே நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஆகப் பழைய பெட்டி தலைமை ஏற்றுவிடக்கூடும். தலைமை ஸ்விட்ச்சின் எண்ணை 4096 என்று மாற்றிவிடுங்கள். 4096இன் மடங்குகளையே இதற்குக் கொடுக்க இயலும். 2001இல் வந்த விரைவு முறையைப் பெட்டி அறிந்திருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பழைய முறையில் ஒரு துளை திறந்து செய்தி கடத்தத் தொடங்க 30 விநாடி ஆகும். அதற்குள் கணினி விழித்தெழுந்து முகவரி கேட்டு, பதிலின்றி, 169.254 என்று தொடங்கும் பயனற்ற முகவரி ஒன்றைத் தானே வைத்துக்கொள்ளும். காலையில் கணினியை ஏற்றியதும் இணைப்பு இல்லை, சற்றுப் பொறுத்து மறுபடி ஏற்றினால் வருகிறது என்று எழுத்தர் முறையிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். கணினியும் அச்சுப்பொறியும் மட்டும் செருகப்படும் துளைகளை விளிம்புத் துளைகள் என்று குறித்துவிட்டால் இத்தாமதம் இல்லை. அத்துளைகளிலேயே பி.பி.டி.யூ. காவல் என்பதையும் இடவேண்டும். ஸ்விட்ச்சுகளின் பரிமாற்றச் செய்தி ஒரு விளிம்புத் துளையில் வந்தால், அங்கே இருக்கத் தகாத ஒன்று இருக்கிறதென்று பொருள். காவல் அத்துளையை உடனே மூடும். எங்கள் கிடங்குப் பெட்டி கட்டளை கேளாத சிறு வகை. ஆனாலும் தலைமை ஸ்விட்ச் அனுப்பும் செய்தி, அதன் சுற்றில் புகுந்து அனுப்பிய துளைக்கே திரும்பி வரும். காவல் இருந்திருந்தால் கிடங்கு மட்டும் நின்றிருக்கும், கூலி நின்றிராது.

இம்மரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்விட்ச்சுக்குப்பின் ஸ்விட்ச்சாக நீண்டுகொண்டே போனால் கணக்குத் தவறும். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் வலைப்பின்னல் இவ்வாறு அளவுக்கு மீறி வளர்ந்து சுற்றுகள் ஏற்பட்டு, ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தில் எழுதி வேலை செய்ய நேர்ந்தது. வசதி மிகுந்த இடத்திலேயே இவ்வாறானால், ஒரு பெட்டியின் வாலில் மற்றொன்றாகச் சிறு பெட்டிகளை வாங்கிச் சேர்க்கும் நம் வழக்கத்தை என்னென்பது!

ஒரே தறியில் வெவ்வேறு விழுது

ஒரு தறியில் பாவிழைகள் எல்லாம் அடுத்தடுத்தே ஓடுகின்றன. எனினும் எந்த விழுதில் கோக்கப்பட்டதோ, அதற்குரிய மிதியை மிதிக்கும்பொழுதுதான் ஓர் இழை எழும். வி-லேன் என்பது ஏறக்குறைய இதுவே. ஒரே ஸ்விட்ச்சின் துளைகளைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துவிடலாம். ஒரு குழுவின் செய்தி மற்றக் குழுவுக்குக் கேட்காது. எங்கள் சங்கத்தில் கணக்குக் கணினிகளுக்கு 10, கண்காணிப்புக் கேமராக்களுக்கு 20, அங்கத்தினர்களுக்கான வைஃபைக்கு 30, ஸ்விட்ச்சை நிர்வகிப்பதற்கு 99 என்று எண் கொடுத்தோம். 1 முதல் 4094 வரை எந்த எண்ணும் கொடுக்கலாம். 1 என்பது தொழிற்சாலையிலிருந்து எல்லாத் துளைகளுக்கும் வரும் எண்ணாதலால் அதைத் தவிர்ப்பது நன்று.

ஒரே குழுவுக்குரிய துளை ஆக்சஸ் எனப்படும். பல குழுக்களின் செய்தியும் ஒரே கேபிளில் வேறு ஸ்விட்ச்சுக்கோ ரவுட்டருக்கோ போகவேண்டுமானால் அது டிரங்க். டிரங்க்கில் போகும் ஒவ்வொரு பொதியிலும் குழு எண்ணைக் காட்டும் சிறு சீட்டு சேர்க்கப்படுகிறது. அதற்கான பொதுத்தரம் 1998இல் வந்தது. கேபிளின் ஒரு நுனியை டிரங்க் என்றும் மறுநுனியை ஆக்சஸ் என்றும் வைத்துவிடுவதே மிகுதியாக நேரும் பிழை.

ஒன்றை வற்புறுத்திச் சொல்லவேண்டும். குழு பிரித்ததால் மட்டும் கணக்குக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. குழுக்களுக்கிடையே செய்தியைக் கடத்துவது ரவுட்டர்; தடுக்கும் விதி அதில் எழுதப்படாவிட்டால், பல ரவுட்டர்கள் எல்லாக் குழுக்களையும் தாராளமாக இணைத்தே வைக்கும். வைஃபையில் சேர்ந்த ஒரு கைபேசியிலிருந்து கணக்குக் கணினியின் முகவரியை அழைத்துப் பாருங்கள். பதில் வந்தால் வேலை முடியவில்லை.

குழு மாற்றும்பொழுது நீங்கள் அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டிவிடக்கூடும். மடிக்கணினி செருகியுள்ள துளையைக் கடைசியில் மாற்றுங்கள். தொலைவிலுள்ள ஸ்விட்ச்சை மாற்றும்பொழுது, பத்து நிமிடம் கழித்துத் தானே மறுபடி தொடங்குமாறு முன்கூட்டிச் சொல்லிவைக்கும் வசதி சிஸ்கோ பெட்டிகளில் உண்டு. வழி அடைபட்டால் பத்து நிமிடத்தில் பழைய நிலை திரும்பும். எல்லாம் சரியானால் அக்கட்டளையை நீக்கிவிடலாம்.

கேமராக்களுக்குக் கேபிள் வழியே மின்சாரமும் கொடுக்கும் ஸ்விட்ச் என்றால் மொத்த வாட்டைக் கணக்கிடுக. 2003ஆம் ஆண்டுத் தரப்படி ஒரு துளைக்கு 15.4 வாட் வரை. எட்டுத் துளைக்கு 123.2 வாட். பெட்டியின் மொத்தம் 65 வாட் என்று போட்டிருந்தால் எட்டிலும் முழு அளவு கிடைக்காது. இரவில் கேமராவின் விளக்கு எரியத் தொடங்கியதும் படம் போவது இதனாலும் இருக்கலாம். பயன்படாத துளைகளை மூடிவிடுங்கள்.

சேமித்தலும் ஒப்படைத்தலும்

நாம் கொடுக்கும் கட்டளைகள் பல பெட்டிகளில் உடனே நடைமுறைக்கு வரும். ஆனால் நிரந்தர நினைவில் ஏறுவதில்லை. சேமி என்று தனியாகக் கட்டளை கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த மின்வெட்டோடு எல்லாம் மறைந்து, பெட்டி பழையபடி நிற்கும். எனவே வேலை முடிந்ததும் சேமித்து, மின்சாரத்தை ஒருமுறை நிறுத்தி ஏற்றி, கட்டளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறகு முழு அமைப்பையும் கோப்பாக இறக்கி, ஸ்விட்ச் பழுதானாலும் கிடைக்கும்படி வேறிடத்தில் வைக்கவேண்டும். அந்தக் கோப்பில் கடவுச்சொல்லும் இருக்கக்கூடுமாதலால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கலாகாது.

வெளியாரைக் கொண்டு வேலை செய்வித்தால், துளைப் பட்டியல், அமைப்புக் கோப்பு, கடவுச்சொல் மூன்றும் கைக்கு வந்தபிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். எங்கள் நிர்வாகக் குழு இதைத் தீர்மானமாகவே எழுதிவிட்டது. கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உறையைப் பிரித்தால் பிரித்த நாளையும் காரணத்தையும் புத்தகத்தில் எழுதி, சொல்லை மாற்றி, புது உறை வைக்கவேண்டும்.

எல்லாம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிடங்குப் பெட்டியில் அதே கேபிளின் இரு நுனிகளையும் வேண்டுமென்றே செருகிப் பார்த்தோம். தலைமை ஸ்விட்ச்சில் கிடங்குத் துளையின் விளக்கு மட்டும் அணைந்தது. அலுவலகத்தில் கூலிப் பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தது, அது நிற்கவில்லை. கேபிளைப் பிடுங்கியபின் துளை தானாகத் திறக்கவில்லை. உள்ளே சென்று அதைத் திறக்கவேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்குப்பின் தானே திறந்து பார்க்கும்படியும் அமைக்கலாம். காரணம் அறியாமல் திறக்கலாகாது என்று நாங்கள் அவ்வாறு செய்யவில்லை. கிடங்குச் சுவரில் துளைப் பட்டியலின் நகல் ஒன்றை ஒட்டி, கிடங்கின் இணைப்பு நின்றால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.